அண்டாவில் வெட்டிய பேட்ஜ்

முதலில் அந்தக் கைகூப்பும் பொம்மைகளை நிறுத்துங்கள். நேற்றுக் காலை நம் லைன் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் விடாமல் கைகூப்பியாயிற்று. “நம் வீரத் தாய்மார்களுக்கு வணக்கம்” என்று ஜூரோங்கில் இருப்பவர் எழுதியிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம் ஈசூன்காரிக்கு. பெர்த்தில் மகன் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் பூங்கொத்து வேறு அனுப்பியிருக்கிறார். உங்கள் எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது, எனக்கும்தான். இந்த வயதில் இப்படிப் பொய்க் கண்ணீர் விட வெட்கமாக இல்லையா?

படத்தில் இருப்பது ஒரு தொப்பி பேட்ஜ். போர்க்காலத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்து இங்கே நம்மவர்கள் சேர்ந்தார்களே, அந்தப் படையின் பெண்கள் பிரிவில் தொப்பியில் குத்திக்கொண்டது. உள்ளங்கையில் பாதிகூட வராது. தகட்டைத் தாய்நாட்டு வரைபடத்தின் வடிவத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஃபேரர் பார்க்கில் ஒரு கண்காட்சியில் வைத்திருக்கிறார்களாம், போய்ப் பாருங்கள் என்று நம் குழுவில் யாரோ போட, நீங்கள் உடனே உருகிவிட்டீர்கள்.

இதை நீங்கள் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. நமக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது, இதே மாதிரி ஒன்றைக் கையில் வாங்கித் தடவியே பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு நாம் என்ன செய்தோம் என்று ஒருவராவது எழுதுவீர்கள் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சீரியல் பார்க்கிற நேரத்தில் இதைப் படியுங்கள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் நம் லைன் வீடுகள் நினைவிருக்கிறதா? பத்து வீடு, ஒரே தகரக் கூரை, பொதுவில் இரண்டு தண்ணீர்க் குழாய். மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பி, மாட்டுக்கொட்டகை வாடையும் கறிமசாலா அரைக்கிற வாடையும் ஒன்றாக வீட்டுக்குள் வரும். எங்கள் வீடு நான்காவது. அப்பா, அம்மா, நான், தங்கை, அப்புறம் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவர்.

அத்தை சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். கூட்டம் நெரியும்போது அவர் குரல் தெருமுனைவரை கேட்கும். “ஒருத்தர் பின்னால ஒருத்தர், முதுகு நேரா” என்று அவர் சொன்னால் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற அம்மாக்கள்கூட வரிசையில் நிற்பார்கள். வேலை முடிந்து வரும்போது காகிதப் பொட்டலத்தில் கச்சாங் கடலை வாங்கி வருவார். அவர் நடை உங்களுக்கு மறந்திருக்காது. சேலை கட்டிய எந்தப் பெண்ணும் நம் தேக்கா வட்டாரத்தில் அப்படி நடந்ததில்லை. கையை வீசி, தலையை ஆட்டாமல், கால் எடுத்து வைப்பதில் ஒரு அளவு இருக்கும். நாம் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். எங்கிருந்து வந்த நடை என்று யாரும் கேட்டதில்லை.

எனக்குத் தெரியும். பிள்ளைகளில் என்னிடம் மட்டும்தான் அத்தை சொல்லியிருந்தார். பவுடர் டின்னுக்குள், பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, அந்த பேட்ஜை வைத்திருந்தார். அம்மா குழாயடிக்குப் போயிருக்கும் நேரத்தில் எடுத்துக் காட்டுவார். மூடியைத் திறந்ததும் பவுடர் வாசனை வரும், அதற்குக் கீழே செம்புக்காசு வாசனை.

அதன் முன்பக்கம் வெள்ளி மாதிரி மங்கலாக இருக்கும். பின்பக்கம் பித்தளை மஞ்சள். பின்பக்கத்தில் ஓர் ஊக்கு பற்றவைத்திருக்கும், ஊக்குக்குக் கீழே புள்ளி புள்ளியாகச் சில எழுத்துகள். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, உளியால் தட்டித் தட்டி, அதே புள்ளி எழுத்து. “ம்மாள் மக” என்று மட்டும் இருக்கும். முன்னாலும் பின்னாலும் பெயர் அறுந்து போயிருக்கும்.

அது எப்படி வந்தது என்று அத்தை சொன்னார். முதலில் சேர்ந்த பெண்களுக்கு அச்சில் அடித்த பேட்ஜ் கிடைத்ததாம். அத்தை சேர்ந்தபோது அது தீர்ந்துபோய்விட்டது. அடிக்க உலோகமும் இல்லை. எல்லாப் பித்தளையும் தோட்டாவுக்குப் போய்விட்டது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, பெண்கள் அண்டாவையும் தவலையையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், தங்கள் பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களை. ஒரு பத்தர் நகைக்கடைத் திண்டில் உட்கார்ந்து சின்ன ரம்பத்தால் அறுத்து அறுத்துக் கொடுத்தாராம். சமைக்கிற பாத்திரம் என்பதால் உள்பக்கம் ஈயம் பூசியிருக்கும் அல்லவா, அந்தப் பக்கத்தை முன்னால் வைத்து ஊக்கைப் பின்னால் பற்றவைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி.

“யாரு வீட்டு அண்டாவோ பாப்பா” என்பார் அத்தை. “காவலுக்கு நிக்கும்போது தொப்பியைக் கழட்டித் துடைக்கிற மாதிரி பின்பக்கம் தடவிப் பாப்பேன். யாரோ ஒரு அம்மா தன் மகளுக்குக் குடுத்த பாத்திரம். அது என் தலையில இருக்குன்னு நெனைச்சுக்குவேன்.”

அவருக்கு அப்போது பதினெட்டு வயது. பர்மாப் பக்கம்வரை போய், போர் முடிந்து திரும்பி வந்தபோது இருபது. வந்த மறுநாளே அப்பா, தங்கை இத்தனை நாளும் ஈப்போவில் சித்தப்பா வீட்டில் இருந்ததாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். கால்சட்டை போட்டு ஆண்களோடு காட்டில் திரிந்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அவருக்குப் பயம். ஈப்போ என்று சொல்லியும் யாரும் கட்டவில்லை. இரண்டு இடம் வந்தது, எப்படியோ தெரிந்துகொண்டு இரண்டும் போய்விட்டது. அதற்குப் பிறகாவது அந்த ஈப்போவை விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை.

இப்போது ஸ்டோர் மாமாவுக்கு வருகிறேன். அவர் யாருக்கும் மாமா இல்லை, எல்லோருக்கும் மாமா. செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வெள்ளைக்காரன் ஸ்டோரில் உலோகச் சாமான் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். முதல் வீடு அவருடையது. பித்தளையா, வெண்கலமா, முலாம் பூசியதா என்று சந்தேகம் வந்தால் தேக்கா முழுவதும் அவரிடம்தான் போகும். சட்டைப் பையில் ஒரு காந்தம், ஒரு சின்ன அரம். சாவியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். புளியைத் தொட்டு ஓரத்தில் தேய்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். குத்துவிளக்கு வாங்கப் போகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நம் அப்பாக்கள் யாருக்கும் அவரை மறுத்துப் பேச வாய் வராது.

அந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் நம் வட்டாரச் சங்கத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். படையில் இருந்தவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி மண்டபத்தில் மாட்டுவது, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டு மரியாதை செய்வது. ஆனால் நான் இருந்தேன், நான் இருந்தேன் என்று கண்டவனும் வந்து நின்றதால், அடையாளம் கொண்டு வர வேண்டும் என்றார்கள். காகிதம் யாரிடமும் இல்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது எல்லோரும் பயந்துபோய்க் கொளுத்திவிட்டார்கள். பேட்ஜ் இருந்தால் கொண்டு வரலாம், ஸ்டோர் மாமா பார்த்துச் சொல்வார் என்று முடிவாயிற்று.

அத்தை அன்று சாப்பிடும்போது, தானும் போகப் போவதாகச் சொன்னார். அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களுக்கும் இடம் பார்க்க வேண்டும், தன் மாமனார் வீட்டு ஆட்களும் அங்கே வருவார்கள் என்று ஏதேதோ சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “பலகையில ஒரு வரி, அண்ணே. வேற ஒண்ணும் கேக்கல” என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் அந்த வீட்டில் கேட்டது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் என் பங்கு வருகிறது. யாரையும் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

போகிக்கு முன்தினம் அம்மா பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் வாசலில் இறக்கி என்னிடம் கொடுத்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. புளியும் செங்கல்தூளும் போட்டு, தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் புறப்பட்ட அத்தை பவுடர் டின்னை என் கையில் கொடுத்து, பேட்ஜைத் துணியால் துடைத்து வை, தேய்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் துடைத்தேன். மங்கல் போகவில்லை. பக்கத்தில் சொம்புகள் தகதக என்று மின்னுகின்றன, அத்தையின் பேட்ஜ் மட்டும் அழுக்காக இருக்கலாமா? கொஞ்சம் புளி. கொஞ்சம் செங்கல்தூள். அப்புறம் நார். ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும், அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினேன். பாதி மஞ்சள், பாதி வெள்ளை, நடுவில் கீறல். பின்பக்கத்தையும் விடவில்லை. கறுப்பேறிக் கிடந்த புள்ளி எழுத்துகள் நேற்றுத்தான் வெட்டியது போலப் பளிச்சென்று வந்தன.

அத்தை வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “நல்லா பளபளன்னு இருக்குடி” என்று சொல்லி டின்னுக்குள் வைத்தார். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நான் இவ்வளவு வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபேரர் பார்க் பக்கத்து மண்டபம், இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். நாம் எல்லோரும் போனது சுண்டலுக்கும் ஆரஞ்சுத் தண்ணிக்கும்தான். முன்வரிசைக்கும் முன்னால் தரையில் பாய் போட்டு நம்மை உட்காரவைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஸ்டோர் மாமா. மேசை மேல் காந்தம், அரம், சாவி, ஒரு கிண்ணத்தில் புளி. மூன்றாவது வரிசையில் என் அம்மாவின் அப்பா வீட்டு ஆட்கள், அவர்களோடு என் அப்பா.

முதலில் நாலு ஆண்கள் வந்தார்கள். நாலு பேட்ஜும் கனம், வழுவழுப்பு. மேசையில் வைத்தால் தட்டையாகக் கிடந்தன. சாவியால் தட்டியபோது கணீர் என்றது. ஸ்டோர் மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டினார், மண்டபம் கைதட்டியது, நாமும் தட்டினோம்.

ஐந்தாவதாக அத்தை போனார். அந்த நடையோடுதான் போனார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது.

ஸ்டோர் மாமா பேட்ஜை மேசையில் வைத்தார். அது ஆடியது. அண்டாவின் வயிற்றுப் பக்கத் தகடு அல்லவா, லேசாக வளைவு இருக்கும். விரலால் ஒரு முனையைத் தட்டினார், மறுமுனை எழுந்தது. இன்னொரு தடவை தட்டினார், கூட்டத்துக்குக் காட்டுவதற்காக. பிறகு சாவியால் தட்டினார், தகர டப்பாச் சத்தம் வந்தது. காந்தத்தை வைத்தார், ஊக்கில் போய் ஒட்டிக்கொண்டது. திருப்பிப் பார்த்தார். எழுத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பக்கம் திருப்பி, நான் தேய்த்த இடத்தை நகத்தால் சுரண்டினார்.

“இது ஈயம்” என்றார். “ஈயம் பூசுன பேட்ஜை நான் இப்பத்தான் பாக்குறேன். சோறு வடிச்ச அண்டாம்மா இது.”

மண்டபம் சிரித்தது. அத்தை மட்டும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஆமாம், அண்டாவில்தான் வெட்டினார்கள் என்று சொன்னார். பித்தளை கிடைக்கவில்லை, வீடுகளில் கேட்டு வாங்கினோம், பத்தர் அறுத்துக் கொடுத்தார் என்று என்னிடம் சொன்னது போலவே எல்லாம் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். கூட்டம் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது. பார், அவளே சொல்கிறாள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“படைன்னா ஸ்டோர் இருக்கும்மா” என்றார் ஸ்டோர் மாமா. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. “ஸ்டோர்லேருந்து வர்ற சாமான் ஒரே அச்சா இருக்கும், ஒரே கனமா இருக்கும். பதினஞ்சு வருஷத்துக்கு மேல என் கையால எண்ணி அடுக்குறேன். எந்தப் படைக்காரன் தொப்பியில ஒரு பொம்பளை சீர்ப் பாத்திரத்தைக் குத்திக்கிட்டுச் சண்டைக்குப் போவான்?”

அப்போது எனக்கு இது புரியவில்லை. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்த மனிதர் அத்தனை வருடம் எண்ணி அடுக்கியது வெள்ளைக்காரனின் சாமான். வெள்ளைக்காரனை எதிர்த்துப் புறப்பட்ட படையின் பேட்ஜை, வெள்ளைக்காரனின் ஸ்டோர் அளவை வைத்துப் பார்த்துப் பொய் என்று சொன்னார். அதற்கு நம் அப்பாக்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒன்றுமில்லாதவர்கள் கூடி ஒரு படையைக் கட்டினால் அதன் சாமான் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை. கனமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால்தான் நம்மவர்களுக்கு நம்பிக்கை வரும், அன்றும் இன்றும்.

அதோடு விட்டாரா? பேட்ஜை நம் பாய்ப் பக்கம் நீட்டி, “பிள்ளைகளா, நீங்களே வாங்கிப் பாருங்க, பின்னால என்ன எழுதியிருக்குன்னு படிங்க” என்றார். அது நம் கை கையாகப் போயிற்று. ஈசூன்காரி தடவிப் பார்த்தாள். பெர்த்காரர் மோந்து பார்த்து, சாம்பார் வாடை அடிக்கிறது என்றார். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல “ம்மாள் மக” என்று உரக்கப் படித்தது யார் என்று ஜூரோங்கில் இருப்பவருக்கே தெரியும். அன்றைக்கு அதற்குத்தான் பெரிய சிரிப்பு. கடைசியாக என் கைக்கு வந்தது. நான் அதை யார் முகத்தையும் பார்க்காமல் மேசையில் வைத்தேன்.

அத்தை கூட்டத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையை மட்டும் பார்த்தார்.

“அண்ணே, நீ சொல்லு. நான் வீட்டுக்கு வந்தன்னிக்கு இது என் தொப்பில இருந்துச்சா இல்லையா?”

அப்பா எழுந்தார். பக்கத்தில் அவர் மாமனார் உட்கார்ந்திருந்தார். அப்பா வாயைத் திறந்ததும் எனக்கு உயிர் வந்தது, சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“அவ அப்ப ஈப்போல இருந்தா” என்றார் அப்பா. “அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. பெரியவங்க மன்னிச்சுக்கணும்.”

பேசாமல் இருந்திருந்தால்கூட அவரை மன்னித்திருப்பேன். எழுந்து நின்று, மன்னிப்பும் கேட்டு, தங்கையைப் பொய்க்காரி மட்டுமல்ல, பைத்தியக்காரி என்றும் ஆக்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அத்தை பேட்ஜை எடுத்துக்கொண்டு, வந்த நடையிலேயே வெளியே போனார். பலகையில் நாலு பெயர் எழுதினார்கள். நாம் சுண்டல் தின்றோம்.

மறுநாளிலிருந்து லைனில் என்ன நடந்தது என்று சொல்லட்டுமா? “அண்டா கேப்டன்” என்று பெயர் வைத்தோம். ஆளுக்கு ஒரு பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குழாயடியிலிருந்து மாட்டுக்கொட்டகைவரை லெஃப்ட் ரைட் போட்டோம். வைத்தோம், போட்டோம் என்றுதான் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள், அண்டா கேப்டனின் மருமகள் என்று என்னையும் சொல்ல ஆரம்பித்தீர்கள். அது பொறுக்காமல் நானும் அம்மாவின் சின்னத் தவலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையில் கடைசியாகச் சேர்ந்தேன். வாய் வலிக்கச் சிரித்தேன்.

அத்தை அந்த நேரம் பார்த்து வேலையிலிருந்து வந்தார். நீங்கள் எல்லோரும் ஓடிவிட்டீர்கள். எனக்குத் தவலை கண்ணை மறைத்திருந்ததால் ஓட முடியவில்லை. அவர் என் முன்னால் நின்றார். தவலையை நிமிர்த்தி, என் கண் தெரிகிற மாதிரி சரியாக வைத்தார்.

“முதுகை நிமித்து” என்றார். “தலையில ஒண்ணு இருக்கும்போது கழுத்து ஆடக்கூடாது.”

சொல்லிவிட்டு உள்ளே போனார். கச்சாங் பொட்டலத்தை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை.

அடுத்த மாதமே அம்மாவுக்கு எவர்சில்வர் பைத்தியம் பிடித்தது, நம் லைன் முழுக்கத்தான். பழைய பித்தளையை நிறுத்துக் கொடுத்தால் எவர்சில்வர் தருகிற கடை ஒன்று சிராங்கூன் ரோட்டில் வந்திருந்தது. அம்மா சீராகக் கொண்டுவந்த பாத்திரம் எல்லாவற்றையும் ரிக்‌ஷாவில் ஏற்றி, என்னையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பெயர் வெட்டிய பாத்திரங்களைத் தனியாக ஒதுக்கினார், உருக்குவதற்கு. தராசில் அவற்றை ஏற்றும்போது அத்தை மடியிலிருந்து பேட்ஜை எடுத்து, தட்டின் மேல் வைத்தார். முள் அசையக்கூட இல்லை. கடைக்காரர் அது என்ன என்று கேட்டார்.

“பேர் வெட்டுன பாத்திரம்தான். அதோட போகட்டும்” என்றார் அத்தை.

நான் கத்தியிருக்க வேண்டும். தட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தெரியாதா என்ன? தெரியும். அது போய்விட்டால் நான் தேய்த்த தேய்ப்பும் போய்விடும் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அத்தை அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார். பூன் கெங்கில் என் வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இரவும் பகலும் வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, மத்தியானமே கண்காட்சிக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பது ஒரு சின்னப் பெண், நம் பிள்ளைதான், என் பேத்தி வயது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பேட்ஜ் வைத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது மெல்லியது, வளைந்தது, முன்பக்கம் மங்கல் வெள்ளை. இரண்டு பக்கமும் கனமாக, வழுவழுவென்று ஒவ்வொன்று. எது ஒரிஜினல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் போல.

“மெட்டலை வச்சுத்தான் ஆண்ட்டி” என்றாள். “நடுவுல இருக்குல்ல, அதை டேபிள்ல வச்சா ஆடும். வீட்டுப் பாத்திரத்துலேருந்து வெட்டுனதால கர்வ் இருக்கும். முன்னாடி ஈயம், பின்னாடி யாரோட பேராச்சும் புள்ளி புள்ளியா இருக்கும். அதெல்லாம் இருந்தா ரியல். முதல்ல அச்சுல அடிச்சதுகூட மெல்லிசுதான். வெயிட்டா ஸ்மூத்தா இருக்கிறது வார் முடிஞ்சப்புறம் கடையில வார்த்தது.”

கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து, நடுவில் இருந்ததை இன்னொரு தடவை பார்த்தேன். உட்காருங்கள் என்று நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அந்த நாலு ஆண்களும் பொய்யர்கள் என்று நான் சொல்லவரவில்லை. உண்மையிலேயே படையில் இருந்து, பேட்ஜைத் தொலைத்துவிட்டு, பிற்பாடு ஆசைக்கு ஒன்று வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததற்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஸ்டோர் மாமா இல்லை. ஆனால் ஆடிய பேட்ஜ் உண்மை. ஈயம் உண்மை. அந்தப் பெயர் உண்மை. அவர் பொய் என்று காட்டிய ஒவ்வொன்றும்தான் சாட்சி.

சுவரில் பெண்கள் பிரிவில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. முழுமையானது இல்லையாம், இன்னும் சேர்க்கிறார்களாம், மாதக் கடைசியில் அச்சுக்குப் போகுமாம். அத்தையின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் நல்லவள், அக்கறையாகக் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், போட்டோ, கடிதம், பேட்ஜ், ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று. எடைக்குப் போட்டுவிட்டோம் என்று சொன்னேன்.

“சாரி ஆண்ட்டி. ப்ரூஃப் இல்லாம நேம் போட முடியாது லா” என்றாள். “ஆனா நேர்ல பேட்ஜைப் பாத்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா கமிட்டில பேசலாம். மூணு பேர் வேணும். நீங்க ரிலேட்டிவ், உங்களோடது கணக்குல வராது.”

புரிகிறதா? என் வாக்குமூலம் செல்லாது. தேய்த்தவள் நான், அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவள் நான், என்னால் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. பாயில் உட்கார்ந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

எனக்கு உங்களிடம் கெஞ்ச வராது. இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தைக் கீழே போட்டிருக்கிறேன், ஒரே பக்கம்தான். ஜூரோங்கில் இருப்பவரே, நீங்கள் உரக்கப் படித்த எழுத்துகளை அப்படியே எழுதுங்கள். ஈசூன்காரியே, உன் விரலில் தட்டுப்பட்டது வழுவழுப்பா, புள்ளியா என்று எழுது. பெர்த்தில் இருப்பவர் என்ன வாடை அடித்தது என்று எழுதி மகனிடம் கொடுத்து அனுப்பலாம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இது உங்களுக்கு எப்படி இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வீரத்தாய், பெருமை, கண்ணீர் என்று எதையாவது எழுதி மழுப்பாதீர்கள். அந்தப் பெண் புத்திசாலி, கண்டுபிடித்துவிடுவாள்.

சிரித்தோம், அதனால் நினைவிருக்கிறது என்று எழுதுங்கள்.